ஈன்ற நாயும் கண் திறவாக் குட்டிகளும்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை வைத்தியரின் பதில்கள்

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வரும் கடிதங்கள் பசுவின் மடிநோயையும் ஆட்டின் கழிச்சலையும் பற்றியவை. மழை தொடங்கிய பின்னர் வந்தவற்றில் ஒரு கட்டு முழுவதும் குட்டி ஈன்ற நாய்களைப் பற்றியதாக இருந்தமையால், இம்மாதப் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டு நாய் ஐந்து நாட்களுக்கு முன்னர், விடாது மழை பெய்த இரவில், கோடிப்புறத்து விறகுக் கொட்டிலுக்குள் ஏழு குட்டிகளை ஈன்றது. இப்போது அந்த நிலம் முழுவதும் ஈரமாகிவிட்டது. குட்டிகளை விறாந்தைக்குக் கொண்டுவர விரும்புகிறோம். மனிதக் கை பட்டால் தாய் குட்டிகளைத் தின்றுவிடும் என்று மாமியார் தடுக்கிறார். நான் அருகில் போனால் நாய் உறுமுகிறது. என் கணவரை மட்டும் விடுகிறது. ஏழில் ஒன்று மிகவும் சிறியது, எந்நேரமும் முனகிக்கொண்டிருக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகி, விசுவமடு

பதில்: இன்றைக்கே இடம் மாற்றுங்கள். ஈரநிலத்தில் கிடக்கும் ஐந்து நாள் குட்டிக்கு முதல் எதிரி பசியன்று, குளிர். பிறந்த முதல் இரண்டு மூன்று வாரங்களுக்கு நாய்க்குட்டியால் தன் உடற்சூட்டைத் தானே காத்துக்கொள்ள இயலாது. குளிரில் நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளும் ஆற்றல்கூட முதல் வாரத்தில் அதற்கு இல்லை. தாயின் வயிறும் உடன்பிறந்தவற்றின் உடலும் தரும் சூட்டில்தான் அது வாழ்கிறது. உடல் குளிர்ந்த குட்டிக்கு உறிஞ்சும் வலு குறைந்துவிடும். உறிஞ்சாவிட்டால் பால் இல்லை. பால் இல்லாவிட்டால் உடல் மேலும் குளிரும். மழைக்காலத்தில் என்னிடம் கொண்டுவரப்படும் குட்டிகளிற் பல, நோய் என்று எதுவும் இல்லாமல், இந்தச் சுழலில் அகப்பட்டே சாகின்றன.

மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தன்னை வளர்ப்பவரின் கைமணம் பட்டது என்பதற்காக எந்தத் தாய் நாயும் குட்டியைத் தின்பதில்லை. ஆனால் அந்நியரின் வரவு, பிள்ளைகளின் கூச்சல், பிற நாய்களின் நடமாட்டம் ஆகியவற்றால் மிரண்ட நாய், குட்டிகளைக் கவ்விக்கொண்டு இடம் இடமாக அலையும். முதன்முறை ஈன்ற நாய்களிற் சில, அந்த மிரட்சியில் குட்டியைக் கடித்துக் கொன்றுவிடுவதும் உண்டு. செத்துப் பிறந்த குட்டியைத் தாய் தின்பதைக் கண்டவர்கள், அதற்கு முன்னர் யாரோ தொட்டதே காரணம் என்று எண்ணியிருக்கக்கூடும். ஆகவே மாமியாரின் எச்சரிக்கையைத் தள்ளிவிடாமல், தொடுபவர் யார் என்பதில் கவனமாக இருங்கள்: உங்கள் கணவர் ஒருவரே இந்த வேலையைச் செய்யட்டும். குட்டிகளுக்குக் கண் திறக்கும் வரையாவது அயல்வீட்டுப் பிள்ளைகள் பார்க்க வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முதலில் புதிய இடத்தை ஆயத்தம் செய்துவிட்டுப் பின்னர் குட்டிகளைத் தூக்குங்கள். விறாந்தையில் ஆள் நடமாட்டம் குறைந்த, சற்று இருண்ட மூலை நல்லது. தாய் கால்களை நீட்டிப் படுக்கக்கூடிய அகலத்தில், குட்டிகள் வெளியே ஊர்ந்துவிடாதபடி ஒரு சாண் உயரத்துக்குப் பலகை அடித்தாலே போதும். சுவரோரமாகத் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு தடியைப் பொருத்திவிட்டால், தாய் சுவரில் சாய்ந்து படுக்கும்போது பின்னால் அகப்பட்ட குட்டி நசியாமல் தப்பிக்கொள்ளும். ஏழு குட்டிகள் உள்ள இடத்தில் இது மிகவும் பயன்படும். தரையில் பழைய செய்தித்தாளையும் அதன்மேல் பழைய பருத்திச் சாரத்தையோ படுக்கை விரிப்பையோ பரப்புங்கள். உரப்பையை மட்டும் விரிக்காதீர்கள். அது வழுக்கும், ஈரத்தை உறிஞ்சாது, உரத்தின் எச்சமும் அதில் ஒட்டியிருக்கும். பிரிந்த நூல் குட்டியின் காலில் சுற்றிக்கொண்டால் விடிவதற்குள் அந்தக் கால் வீங்கிவிடும். விரிப்பை நாள்தோறும் மாற்றுங்கள்.

தாய்க்குச் சோறு வைத்து வெளியே அழைத்த பின்னர், குட்டிகள் அனைத்தையும் துணி விரித்த ஒரே கடகத்தில் எடுத்து, கடகத்தை அதன் மூக்கருகே காட்டியபடி, அது பின்தொடரும் வேகத்தில் நடந்து வரவேண்டும். விறகடுக்கில் கைவிடும் முன் தடியால் தட்டிப் பாருங்கள். மழைநாளில் அங்கே ஒதுங்குவது நாய் மட்டுமன்று, பாம்பும்தான். இடம் மாற்றிய பின்னர் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வித் திரும்பவும் கொட்டிலுக்கே கொண்டுபோனால் அதனோடு மல்லுக்கட்ட வேண்டாம். புதிய இடத்தில் வெளிச்சமோ சத்தமோ கூடுதலாக இருக்கிறது என்பதே அதன் பொருள். ஒரு சாக்கைத் தொங்கவிட்டு மறைப்புக் கட்டிவிட்டு, கொட்டிலின் வாயிலை அடைத்துவிட்டு மீண்டும் முயலுங்கள்.

முதல் வாரத்தில் குட்டிகள் கிடக்கும் இடம் 29 முதல் 32 பாகை செல்சியஸ் வரை சூடாக இருக்கவேண்டும்; பின்னர் வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறையலாம். மார்கழி இரவில் வாடைக்காற்று வீசும் விறாந்தை அவ்வளவு சூடாக இராது. வெந்நீர் நிரப்பி இறுக மூடிய போத்தலைத் தடித்த துணியில் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் குட்டி மறுபக்கம் ஊர்ந்து போக இடம் இருக்கவேண்டும். மின்குமிழ் தொங்கவிடுவோர், தாய் எழுந்து நின்றாலும் முட்டாத உயரத்தில், ஈரம் படாத கம்பியில் தொங்கவிடவேண்டும். வெப்பமானி இல்லையென்றால் குட்டிகளையே பாருங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர். ஆளுக்கொரு மூலையில் வாய் பிளந்து கிடந்தால் வெக்கை. பக்கத்தில் பக்கத்தில் தளர்ந்து கிடந்து, உறக்கத்தில் இடையிடையே துடித்துக்கொண்டால் எல்லாம் சரி. (இதே கேள்வி சித்திரையில், தகரக் கூரையின் கீழ் இருந்து வந்திருந்தால் என் பதில் தலைகீழாக இருந்திருக்கும்: போத்தலை எடுத்துவிட்டு, மர நிழலில் கொட்டில் போடச் சொல்லியிருப்பேன்.)

சிறிய குட்டிக்கு வருவோம். சுத்தமான விரலை அதன் வாய்க்குள் வைத்துப் பாருங்கள். உள்ளே குளிர்ந்திருந்தால், பால் புகட்டுவதற்கு முன்னர் அதைச் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். அரைமணி, ஒரு மணி நேரம் ஆகலாம். குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது. ஊற்றிய பால் உள்ளேயே தங்கிக் கெடுதி செய்யும். சூடேறி முனகல் அடங்கியதும், பெரிய குட்டிகள் இரண்டு மூன்றை அப்பால் வைத்துவிட்டு, இதைப் பின்புறத்து முலைக்காம்பில் பிடித்துவிடுங்கள். பின்காம்புகளில் பொதுவாகப் பால் கூடுதலாக இருக்கும். இப்படி ஒரு தடவைக்குக் கால் மணி நேரமாக, நாளுக்கு ஐந்தாறு தடவை செய்யவேண்டும்.

குட்டி தேறுகிறதா இல்லையா என்பதைத் தராசுதான் சொல்லும். பலசரக்குக் கடையின் இலத்திரனியல் தராசை நாளுக்கு ஒரு தடவை இரவல் கேட்டாலும் போதும். நம் ஊர் நாயின் குட்டிகள் பெரும்பாலும் 250 முதல் 400 கிராம் வரையான எடையுடன் பிறக்கின்றன. நாள்தோறும் எடை கூடி, எட்டுப் பத்து நாளில் பிறந்த எடை இரட்டிக்கவேண்டும். காதில் வெவ்வேறு நிற நூலைக் கட்டாதீர்கள். நகப்பூச்சால் முதுகு மயிரில் ஒரு பொட்டு வைத்தால் அடையாளம் தெரியும். ஒரு குட்டிக்கு இரண்டு நாள் தொடர்ந்து எடை கூடவில்லையென்றால் வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பால் சிந்திய விரிப்பை நெருப்பெறும்பு தேடி வரும். கண் திறவாத குட்டியால் எறும்பை உதற இயலாது. விரிப்பைச் சுத்தமாக வைப்பதும் இரவில் ஒரு தடவை விளக்கடித்துப் பார்ப்பதுமே இதற்குப் பாதுகாப்பு. எறும்புத் தூளைப் பெட்டிக்கு அருகில் தூவாதீர்கள், தாய் அதை நக்கிவிடும்.

கேள்வி: கடற்றொழில் செய்யும் குடும்பம் எங்களுடையது. குட்டி ஈன்ற நாய்க்குச் சோறும் மீன் குழம்பும் கொடுக்கிறோம். நன்றாகத் தின்றாலும் விலா எலும்பு தெரிய மெலிந்துபோகிறது. பிள்ளை பெற்றவளுக்குப் போலச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுத்தால் பால் ஊறும் என்று அம்மா சொல்கிறார். கொடுக்கலாமா?
— வாசகர், முல்லைத்தீவு

பதில்: அம்மாவின் மனம் பெரியது, ஆனால் சரக்குக் கறி வேண்டாம். அதில் சேரும் உள்ளியும் வெங்காயமும் நாயின் இரத்தத்திலுள்ள செங்கலங்களைச் சிதைக்கக்கூடியவை. மிளகும் மிளகாயும் வயிற்றைக் கலக்கும். நாய்க்குப் பால் ஊறுவதற்குத் தனிமருந்து எதுவும் தேவையில்லை. தீனும் தண்ணீரும் போதும். ஈன்ற மூன்றாம், நான்காம் வாரங்களில்தான் குட்டிகள் அதிகம் உறிஞ்சும். அப்போது தாய்க்கு வழமையான அளவின் இரண்டு மடங்கு தொடக்கம் மூன்று மடங்கு வரை உணவு வேண்டும். ஒரே தடவையில் அவ்வளவையும் அதனால் தின்ன முடியாது என்பதால் நாளுக்கு நான்கு தடவையாகப் பிரித்துக் கொடுங்கள்.

உங்கள் நாய் மெலிவதற்குக் காரணம், தட்டில் சோறு மலைபோலவும் மீன் மணத்துக்கு மட்டுமாகவும் இருப்பதாக இருக்கலாம். சோறு வயிற்றை நிரப்பும். பாலாக மாறுவதற்குப் புரதமும் கொழுப்பும் வேண்டும். பாதி சோறு, பாதி அவித்த மீன் என்ற அளவுக்கு வாருங்கள். நெத்தலி, சூடை போன்ற சிறு மீன்களை உப்பும் தூளும் இல்லாமல் முள் மெத்தெனும்வரை அவித்துப் பிசைந்து கொடுக்கலாம். இடையிடையே அவித்த முட்டை, பருப்பு, பூசணிக்காய் சேருங்கள். ஈரல் வாரத்துக்கு ஒருமுறை போதும். கருவாட்டில் உப்பு மிகுதி. பொரித்த, அவித்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். கரையில் எறிந்துவிடும் நச்சுப் பேத்தை மீனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பசித்த நாய்க்கு அந்த அறிவு இராது என்பதால் வலையிலிருந்து மீன் கழற்றும் நேரத்தில் அதைக் கட்டிவையுங்கள்.

முதல் வாரத்தில் பல தாய்கள் குட்டிகளை விட்டு எழுந்து வரமாட்டா. தட்டையும் தண்ணீர்ச் சட்டியையும் பெட்டிக்கு அருகிலேயே வையுங்கள். ஆனால் சட்டி பெட்டிக்கு வெளியே இருக்கவேண்டும், குட்டி தவறி விழுந்தால் ஒரு அங்குலத் தண்ணீரும் அதற்குக் குளம்தான்.

கேள்வி: இனத்தில் சிறிய, சடை மயிர் நாய் எங்களிடம் இருக்கிறது. ஐந்து குட்டி ஈன்று பதினெட்டாம் நாள் திடீரெனக் கால்கள் விறைத்து, நடுங்கி, நுரை தள்ளி விழுந்துவிட்டது. விசர் என்று அயலவர் பயந்தனர். வைத்தியர் நரம்பில் ஊசி ஏற்றிய சிறிது நேரத்தில் எழுந்து நின்றது. இது என்ன நோய்? திரும்ப வருமா?
— வாசகர், அக்கராயன்

பதில்: விசரன்று, இரத்தத்தில் கல்சியம் சடுதியாகக் குறைந்ததால் வந்த வலிப்பு. பாலோடு வெளியேறும் கல்சியத்தை உடல் ஈடுசெய்ய முடியாதபோது இது நேர்கிறது. ஈன்று இரண்டாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையில், அதிலும் சிறிய இன நாய் கூடுதலான குட்டிகளுக்குப் பால் கொடுக்கும்போது வருவது வழமை. முதலில் அமைதியின்மை, மூச்சிளைப்பு, குட்டிகளை ஏறெடுத்துப் பாராமை. பின்னர் விறைத்த நடை, தசைத் துடிப்பு. அதன்பின் வலிப்பும் கடுங்காய்ச்சலும். முதல் அறிகுறிக்கும் மரணத்துக்கும் இடையில் சில மணி நேரமே இருக்கக்கூடும்.

நான் சேவைக்கு வந்த புதிதில், இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் ஒருவர், தன் நாய்க்கு மூச்சிளைக்கிறது, நடை சரியில்லை என்றார். வெக்கையாக இருக்கும், காலையில் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஈன்று எத்தனை நாள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், கேட்கவில்லை. காலையில் அவர் நாயைக் கொண்டுவரவில்லை, குட்டிகளைக் கொண்டுவந்தார். அதிலிருந்து, பெட்டை நாயைப் பற்றி யார் பேசினாலும் முதலில் கேட்பது அந்தக் கேள்வியைத்தான்.

திரும்ப வருமா என்றால், வரலாம். இந்த ஈற்றிலேயே வரலாம், அடுத்த ஈற்றிலும் வரலாம். குட்டிகளை ஒரு நாள் முழுவதும் தாயிடம் விடாமல் கையால் புகட்டுங்கள். மூன்று வாரம் நெருங்கிவிட்டதால் கரைத்த உணவுக்கும் பழக்கத் தொடங்கலாம். கல்சியம் மாத்திரையை வைத்தியர் எழுதித்தந்த அளவில் பால் கொடுக்கும் காலத்தில் மட்டும் கொடுங்கள். சினையாக இருக்கும்போதே கல்சியம் கொடுத்து வைப்பது பாதுகாப்பு என்று பலர் நம்புகின்றனர். நடப்பது மறுதலை: வெளியிலிருந்து தாராளமாகக் கிடைக்கும் கல்சியத்துக்குப் பழகிய உடல், எலும்பிலிருந்து அதை எடுக்கும் வேலையை மந்தமாக்கிவிடும், பால் இறங்கியதும் சமாளிக்க இயலாமல் விழும்.

கேள்வி: எங்கள் நாய் இன்னும் இரண்டு வாரத்தில் ஈனும் என நினைக்கிறோம். மிருக வைத்தியர் இருக்கும் இடம் எங்களுக்கு முப்பது கிலோமீற்றர். இரவில் முச்சக்கர வண்டி கிடைப்பதும் யானைக்குப் பயந்து அது வருவதும் நிச்சயமில்லை. எப்போது காத்திருக்கலாம், எப்போது புறப்படவேண்டும்?
— வாசகர், நெடுங்கேணி

பதில்: கேட்கவேண்டிய விதத்தில் கேட்டிருக்கிறீர்கள். இணைந்த நாளைக் குறித்து வைத்திருந்தால் அதிலிருந்து சராசரியாக 63 நாள். 58 முதல் 68 வரை போகலாம். மருந்தகத்தில் ஒரு வெப்பமானி வாங்கி, ஐம்பத்தைந்தாம் நாளிலிருந்து காலையும் மாலையும் மலவாயிலில் சூடு பாருங்கள். நாயின் வழமையான சூடு 38 பாகைக்கு மேல், அது 37.2க்குக் கீழ் இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். அதாவது பகலிலேயே முச்சக்கர வண்டிக்காரருக்குச் சொல்லிவைக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். உணவை மறுப்பதும் மண்ணைப் பறிப்பதும் மூலைகளைத் தேடுவதும் அதே வேளையில் தொடங்கும். இந்தக் கட்டம் பன்னிரண்டு மணி நேரம் வரை, முதல் ஈற்றில் அதைவிடக் கூடுதலாகவும் நீளலாம். அதற்காகப் பதற வேண்டாம்.

புறப்படவேண்டிய தறுவாய்கள் இவை. வயிற்றை இறுக்கி வலுவாக முக்கத் தொடங்கி அரை மணி நேரமாகியும் குட்டி வராவிட்டால். உள்ளே இன்னும் குட்டி இருப்பது தெரிந்தும் ஒரு குட்டிக்குப் பின்னர் இரண்டு மணி நேரம் கடந்துவிட்டால். முதற்குட்டி வரும் முன்னரே கரும்பச்சை நீர் வடிந்தால் — நஞ்சுக்கொடி கழன்றுவிட்டது என்பதற்கு அது அடையாளம், குட்டி பிறந்த பின்னர் வடியும் பச்சைக்கு அந்த அச்சமில்லை — விடியும்வரை காத்திருக்காதீர்கள். பாதியில் நிற்கும் குட்டியைக் கண்டபடி இழுக்கவும் வேண்டாம்.

பிறந்த குட்டியின் மேலுள்ள சவ்வைத் தாய் ஒரு நிமிடத்துக்குள் நக்கிக் கிழிக்காவிட்டால் நீங்கள் கிழித்து, மூக்கையும் வாயையும் துடைத்து, தலை தாழ்ந்திருக்கப் பிடித்தபடி உலர்ந்த துவாயால் உடம்பைத் தேய்த்துவிடுங்கள். குட்டியைத் தலைகீழாகப் பிடித்துச் சுழற்றும் பழக்கம் சிலரிடம் உண்டு. மூளையில் இரத்தம் கசிய அது காரணமாகும். தொப்புள்கொடியைத் தாய் கடிக்காவிட்டால் வயிற்றிலிருந்து இரண்டு சென்ரிமீற்றர் தள்ளி அவித்த நூலால் கட்டி, கட்டுக்கு அப்பால் வெட்டி, அயடீன் தடவுங்கள். மாட்டின் இளங்கொடியை (நஞ்சுக்கொடியை)க் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவதுபோல நாயினுடையதை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒன்றும் செய்யவேண்டாம், தாயே தின்றுவிடும். எண்ணிக்கையை மட்டும் பாருங்கள், குட்டிக்கு ஒன்று வீதம் வெளியே வந்திருக்கவேண்டும். எல்லாக் குட்டிகளும் முதல் நாளுக்குள், இயன்றால் முதற் சில மணி நேரத்துக்குள், சீம்பால் குடித்தனவா என்பதையும் உறுதி செய்யுங்கள்; நோயெதிர்ப்பு அதன்வழியேதான் கிடைக்கிறது.

கேள்வி: ஈன்று மூன்று வாரமாகியும் செங்கல் நிறத்தில் நீர் வடிகிறது. பயப்படவேண்டுமா?
— வாசகி, புளியங்குளம்

பதில்: நாற்றமில்லாமல், அளவு குறைந்துகொண்டு வந்தால் இயல்பே, ஆறு வாரம் வரையும் இருக்கலாம். நாற்றம், சீழ், காய்ச்சல், குட்டிகளைப் பாராமை ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் கருப்பை அழற்சியாக இருக்கலாம். மடியையும் அன்றாடம் தடவிப் பாருங்கள். ஒரு காம்பு மட்டும் கல்லாகி, சுட்டு, சிவந்திருந்தால் மடியழற்சி. இரண்டுக்கும் வைத்தியரே வேண்டும், வீட்டிலுள்ள பனடோல் வேண்டாம்.

கேள்வி: ஏ-9 வீதியில் வாகனம் மோதித் தாய் இறந்துவிட்டது. ஒன்பது நாள் குட்டிகள் நான்கு. பசுப்பால் கொடுத்தோம், கழிகின்றன.
— வாசகர், மாங்குளம்

பதில்: அயலில் அண்மையில் ஈன்ற, குட்டி குறைந்த நாய் ஏதும் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். சில தாய்கள் அந்நியக் குட்டியையும் ஏற்கும். அதன் படுக்கைத் துணியால் இவற்றைத் துடைத்து மணத்தை ஒட்டவைத்து, அருகில் இருந்து பார்த்தபடி விடவேண்டும்.

பசுப்பால் கழிச்சலைத் தருவதில் வியப்பில்லை. நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசுப்பாலைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உண்டு, பாற்சீனி குறைவு. நாய்க்குட்டிகளுக்கென விற்கும் பால்மா கிடைத்தால் அதுவே நல்லது. அது கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருந்து வந்து சேரும் வரை, காய்ச்சி ஆறவைத்த 250 மில்லிலீற்றர் கொழுப்பு நீக்காத பாலில் இரண்டு முட்டையின் மஞ்சட்கருவையும் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெயையும் நன்றாக அடித்துச் சேர்த்துப் புகட்டலாம். வெள்ளைக்கரு வேண்டாம், சீனி வேண்டாம். ஒரு நாளுக்குரியதை மட்டும் தயாரித்துக் குளிரூட்டியில் வைத்து, வேளைக்குரியதை உடற்சூட்டுக்குச் சூடாக்குங்கள். ஐந்நூறு கிராம் எடையுள்ள குட்டிக்கு நாளுக்கு 90 முதல் 100 மில்லிலீற்றர் வரை, இரவையும் சேர்த்து ஆறு வேளையாகக் கொடுக்கவேண்டும்.

குழந்தையைப்போல மல்லாத்திப் பிடித்துப் புகட்டுவதுதான் எல்லோரும் விடும் பிழை. பால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தாயிடம் குடிக்கும்போது இருப்பதைப்போல வயிறு கீழேயிருக்க, தலை சற்று நிமிர்ந்திருக்கப் பிடித்து, சிறு முலைப்போத்தலால் அதன் வேகத்திலேயே கொடுங்கள், சிரிஞ்சால் பீய்ச்சாதீர்கள். ஒவ்வொரு வேளைக்குப் பின்னரும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் சிறுநீர்த் துவாரத்தையும் மலவாயிலையும் மெல்லத் தடவவேண்டும். ஏறக்குறைய மூன்று வாரம் வரை தாய் நக்கினால்தான் அவை கழிக்கும். தேறிவிட்டால் மூன்றரை வாரத்திலிருந்து குழைந்த சோற்றுக் கஞ்சியில் மீனையோ முட்டையையோ மசித்துத் தட்டில் வைக்கலாம். கழிச்சல் நாளைக்கும் நிற்காவிட்டால் நான்கையும் வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இந்த வயதில் ஒரு நாள் நீரிழப்பே பெரிது.

கேள்வி: குட்டிகளில் தெள்ளு மொய்க்கிறது. மண்ணெண்ணெய் பூசலாமா?
— வாசகர், துணுக்காய்

பதில்: கூடாது. கழிவு எண்ணெயும் கூடாது, மாட்டுக்கு அடிக்கும் உண்ணி மருந்தும் கூடாது. குட்டியின் தோல் மெல்லியது. பூசியது தோல்வழியேயும் தாயின் நாக்குவழியேயும் உள்ளே போகும். தெள்ளுச் சீப்பால் வாரி, சவர்க்காரத் தண்ணீரில் தட்டுங்கள். விரிப்பைக் கொதிநீரில் அவியுங்கள். தாய்க்குரிய மருந்தை வைத்தியரிடம் கேளுங்கள். முரசு (பல்லீறு) வெளுத்திருந்தால் தாமதிக்க வேண்டாம்: தெள்ளோ கொக்கிப்புழுவோ இரத்தத்தைக் குடித்துவிட்டது என்பதற்கு அது அறிகுறி. நாடாப்புழுவைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் சொல்கிறேன்: குட்டிகளில் முதலில் வருவது உருண்டைப்புழு, அது தாயின் வயிற்றிலேயே தொற்றிவிடுவதால் குட்டிகளுக்கு இரண்டாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எடை பார்த்து, புழுமருந்து கொடுக்கவேண்டும். தாய்க்கும் அதே காலத்தில் கொடுங்கள். இந்தப் புழு பிள்ளைகளுக்கும் தொற்றக்கூடியது. குட்டியோடு விளையாடிய கையைக் கழுவாமல் சாப்பிட விடாதீர்கள்.

கேள்வி: குட்டிகளை எப்போது பிறருக்குக் கொடுக்கலாம்? கடுவன் குட்டிகளைக் கேட்கிறார்கள். பெட்டைகளை எவரும் கேட்பதில்லை. தடுப்பூசி எப்போது? குட்டி விளையாட்டாகக் கீறினாலும் ஊசி போடவேண்டுமா?
— வாசகி, கிளிநொச்சி

பதில்: எட்டு வாரத்துக்கு முன்னர் பிரிக்காதீர்கள். பத்து முதல் பதினான்கு நாளில் கண்ணும், மூன்றாம் வாரத்தில் காதும் திறந்த பின்னர், எவ்வளவு வலுவாகக் கடித்தால் மற்றது கத்தும் என்பதைக் குட்டி உடன்பிறந்தவற்றோடு விளையாடித்தான் கற்கிறது. முந்திப் பிரித்த குட்டி அந்தப் பாடத்தை உங்கள் பிள்ளையின் கையில் படிக்கும். பாவோ (கடும் இரத்தக் கழிச்சலைத் தரும் வைரசு நோய்) முதலிய நோய்களுக்குரிய தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை போடவேண்டும். அதுவரை தெருச்சந்திக்கும் கடற்கரைக்கும் கூட்டிச்செல்லாதீர்கள். பாவோ வைரசு மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும்.

விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் போடவேண்டியது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஊர்களில் நடத்தும் தடுப்பூசி நாட்களில் அது இலவசம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நாளைக் கேட்டறிந்து தாயையும் குட்டிகளையும் ஒன்றாகக் கொண்டுபோங்கள். குட்டிதானே என்று எண்ணுவது ஆபத்து. தாய்க்கு ஊசி போட்டிருக்காவிட்டாலோ, நரி அல்லது தெருநாய் வளவுக்குள் வந்து குட்டியைக் கடித்திருந்தாலோ, அந்தக் குட்டியும் விசரைக் கடத்தக்கூடும். கடியோ கீறலோ பட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். ஊசி வேண்டுமா என்பதை அங்கேயுள்ள வைத்தியர் தீர்மானிப்பார், கட்டணமில்லை.

பெட்டைக் குட்டிகளைக் கேட்பார் இல்லை என்பதால் அவற்றைச் சந்தைக்குப் பின்னாலோ கோயில் வாசலிலோ இரவில் விட்டுவிடுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களிற் சிலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறார்கள் என்பதும் தெரியும். பால் மறவாத குட்டி அங்கே இரண்டு நாள் தாங்காது. தாங்கியது அடுத்த ஆண்டு அதே வாசலில் ஆறு ஈனும். குட்டியை வாங்க வருபவரிடம், நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்துவிட்டால் பெட்டையும் கடுவனைப்போலவே வீடு காக்கும் என்று சொல்லிப் பாருங்கள். கருத்தடைச் செலவில் பாதியை நீங்களே ஏற்பதாகச் சொன்னால் இன்னும் நன்று, இரண்டு பேர் எனக்குத் தெரிய அப்படித்தான் கொடுத்தார்கள். தாய்க்குப் பால் வற்றி இரண்டு மூன்று வாரம் கழிந்தபின் சத்திரசிகிச்சை செய்யலாம். அதற்கு மேல் தள்ளிப்போடாதீர்கள். ஈன்று நான்கைந்து மாதத்தில் அது மீண்டும் பருவத்துக்கு வந்துவிடும், அப்போது வேலியோரத்தில் நிற்கும் கடுவன்களை நீங்கள் எண்ணி முடியாது.